மிஞ்சிய மளிகை, இலவசச் சாப்பாடு: திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு?

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது பின்னர் சோதனையில் தெரிந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கலத்திலேயே எண்ணெயை ஊற்றி வைத்திருக்கலாம் என்று அதிகாரிகள் அப்போது கருதினார்கள். எண்ணெயின் நிறமும் வாடையும் சரியில்லை என்று சமையல் செய்த பெண் சொன்னதாகவும், தலைமையாசிரியை அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் செய்திகள் வந்தன. 2016இல் தலைமையாசிரியைக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

கண்டாமனில் சமைத்தது உபரி உணவு இல்லை. அரசுத் திட்டத்தின் மதிய உணவு. இருந்தும், ஏழைகளுக்கு இலவசமாகச் சமைத்துப் போடும் எந்தத் திட்டத்தின் இடர்களைப் பற்றிப் பேசுவதானாலும் அங்கிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். செய்திகள் சொன்னபடி பார்த்தால், அடுப்படியில் நின்றவருக்கு ஆபத்தின் வாடை எட்டியிருந்தது. அடுப்பை அணைக்கும் அதிகாரம் மட்டும் அவர் கையில் இல்லை. கடைகளில் விற்காமல் நிற்கும் காய், பருப்பு, ரொட்டி, பாலைச் சேகரித்துச் சாப்பாடாக மாற்றி வழங்கும் திட்டங்கள் இன்று உலகின் பல நகரங்களில் நடக்கின்றன. அவற்றின் கையேடுகளில் வெப்பநிலை, கைகழுவுதல், வண்டி, காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் பக்கங்கள் உண்டு. ‘இது வேண்டாம், எடுத்துப் போங்கள்’ என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

இந்தத் திட்டங்கள் எழுந்த காரணத்தில் பிழை ஏதுமில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு உணவு விரய அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். நுகர்வோர் கைக்கு எட்டக்கூடிய உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதில் 60 விழுக்காடு வீடுகளிலும், 28 விழுக்காடு உணவகம், கேட்டரிங் போன்றவற்றிலும், 12 விழுக்காடு சில்லறைக் கடைகளிலும் வீணாகிறது. நம் பேச்சுக்குரியது கடைசி 12தான். பங்கு சிறியது, ஆனால் ஓரிடத்தில் குவிந்து, பெட்டியில் அடுக்கி, தேதி ஒட்டிக் கிடப்பது. வண்டி வைத்து எடுப்பதற்கு ஏற்றது என்பதால் தொண்டு நிறுவனங்களின் கண் அதன்மேல் விழுந்தது.

மளிகையை அப்படியே மூட்டையாகக் கொடுப்பது ஒரு வேலை. சமைத்துக் கொடுப்பது வேறொரு வேலை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967இல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய உணவு வங்கி முதல் வகை. வாஷிங்டனில் 1989இல் இரவு விடுதி மேலாளராக இருந்த ராபர்ட் எக்கர் தொடங்கிய ‘டி.சி. சென்ட்ரல் கிச்சன்’ இரண்டாம் வகை. மூத்த ஜார்ஜ் புஷ் அதிபராகப் பதவியேற்ற விழாவின் விருந்துகளில் மிஞ்சியதை எடுத்துவந்துதான் அந்தச் சமையலறை வேலையைத் தொடங்கியது. மூட்டையாகக் கொடுத்தால், கெட்டுப்போன தக்காளியைக் கண்டு ஒதுக்கும் கடைசி வாய்ப்பு வாங்கிப் போகிறவரிடம் இருக்கிறது. சமைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. தக்காளி எது, எப்போது வந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் குழம்புக்குள் மறைந்துவிடும். சாப்பிடுகிறவருக்குக் கண்ணும் மூக்குமாகச் சமையலறைதான் இருந்தாக வேண்டும்.

மூக்கை எவ்வளவு நம்பலாம்? தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு ஊசிப்போனால் நம் வீட்டுப் பெரியவர்கள் மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவார்கள். ஆனால் உணவைப் புளிக்கவும் ஊசவும் வைக்கும் நுண்ணுயிர்கள் வேறு. ஆளைப் படுக்கையில் தள்ளுபவை பெரும்பாலும் வேறு. பின்னவை வாடையோ நுரையோ காட்டுவதில்லை. பள்ளி மதிய உணவை ஆசிரியர் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி கண்டாமன் போன்ற நிகழ்ச்சிகளில் உதவக்கூடும். ஆனால் பாக்டீரியாவின் நஞ்சு நாக்குக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும்போது பல மணி நேரம் கடந்திருக்கும்.

மொத்தமாகச் சமைக்கும் இடங்களுக்கென்றே ஒரு நுண்ணுயிர் இருக்கிறது: குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். இறைச்சி, பருப்பு, மசாலாத் தூசி எனப் பலவற்றோடு வரும். கொதிக்கும்போது பெரும்பாலானவை சாகும். இதன் வித்துகள் சாகாது. நூறு லிட்டர் அண்டாவில் குழம்பு ஆறத் தொடங்கி 45 பாகை செல்சியசை நெருங்கும்போது வித்து முளைத்துப் பெருகுகிறது. உகந்த சூட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டுக் குக்கரில் வைத்த குழம்பு இவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் நிற்பதில்லை. அண்டாவின் நடுப்பகுதி நிற்கும். சோற்றுக்கு பேசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொன்று உண்டு. வடித்த சோறு வெளியில் கிடந்தால் அது உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோம், இனி பயமில்லை’ என்ற நம்பிக்கை வீட்டில் ஓரளவு காப்பாற்றும். ஐநூறு பேர் சமையலில் அது பெரிய பொறி.

ஆகவேதான் விதிகள் நேரத்தையும் சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. இந்தியாவில் சூடாகத் தர வேண்டியது 60 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிராக வைப்பது 5 பாகைக்கு மேலே ஏறக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அமெரிக்க உணவு விதித்தொகுப்பின்படி, சமைத்ததை ஆறவைத்துச் சேமிப்பதானால் 57 பாகையிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்கியாக வேண்டும். அண்டாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் தூக்கி வைத்தால் இது நடக்காது. அகலத் தட்டுகளில் இரண்டு மூன்று விரல்கடை ஆழத்துக்கு ஊற்றிப் பரப்ப வேண்டும். இதற்குத் தட்டு வேண்டும், இடம் வேண்டும், ஓர் ஆள் வேண்டும், முந்நூறு ரூபாய் வெப்பமானி வேண்டும். நன்கொடையாளர்கள் வண்டிக்கும் அடுப்புக்கும் மனமுவந்து கொடுப்பார்கள், ஏனென்றால் பெயர் பொறிக்கலாம். அகலத் தட்டுக்கு யாரும் கொடுப்பதில்லை.

பனிப்பெட்டி இத்தகைய சமையலறையின் உயிர்நாடி. வெள்ளிக்கிழமை இருநூறு கிலோ ரொட்டி வந்து குவியும், செவ்வாய்க்கிழமை ஒன்றும் வராது. நடுவே உறையவைக்காமல் சமாளிக்க முடியாது. அதே பெட்டி மின்சாரம் போனால் முதல் இடராகிவிடும். திறக்காமல் வைத்த, நிறைந்த பனிப்பெட்டி ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24, சாதாரணக் குளிர்பெட்டி நான்கு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. உணவு மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாள்கள் அவை. அந்த நாளில் உருகிய இறைச்சியை வைத்துக்கொண்டு, வெளியே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபடி ‘கொட்டிவிடுவோம்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்வது யார் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கூடிப் பேசி முடிவெடுப்பதென்றால் இரக்கம்தான் ஜெயிக்கும்.

மளிகையிலிருந்து சமைக்கும்போது வரும் இன்னொரு சிக்கல் பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் அதன் விவரச்சீட்டு குப்பைக்குப் போகிறது. ஐந்து நிறுவனங்களின் பிஸ்கட்டைப் பொடித்து ஒரு புட்டிங் செய்தால், அதில் வேர்க்கடலை இருக்கிறதா, எள் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? 2016இல் பிரிட்டனில் ஒரு பதின்வயதுப் பெண் கடையில் வாங்கிய சாண்ட்விச்சின் ரொட்டி மாவில் எள் இருந்தது தெரியாமல் சாப்பிட்டு ஒவ்வாமையால் இறந்தார். அவர் பெயரிலேயே வழங்கும் சட்டத்தின் காரணமாக, 2021 அக்டோபர் முதல் அங்கே கடையிலேயே தயாரித்துப் பொதிந்து விற்கும் உணவிலும் சேர்மானங்களை முழுமையாக அச்சிட வேண்டும். உபரியில் சமைக்கும் கூடத்துக்கு இது கடினம், ஏனென்றால் அதன் சேர்மானம் தினமும் மாறும். நம் நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சைவச் சாப்பாடு என்று கொடுத்ததில் முட்டையோ ஜெலட்டினோ இருந்தது பின்னால் தெரியவந்தால் யாரும் சாகமாட்டார்கள், திட்டம் செத்துவிடும். சின்ன வழி ஒன்றிருக்கிறது: பிரிக்கும் முன் ஒவ்வொரு சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து அன்றைய சமையலின் பேரில் சேமிப்பது. எதன் சீட்டு கிடைக்கவில்லையோ, அதைச் சமைப்பதில்லை.

என்ன வரும் என்று தெரியாமல் சமையல் திட்டம் போடுவதுதான் இந்த வேலையின் அன்றாடத் தொல்லை. கடைகளில் அதிகம் மிஞ்சுவது ரொட்டி, கேக் வகைகள். குறைவாக மிஞ்சுவது பருப்பு, எண்ணெய், இறைச்சி. 2015இல் மிலான் நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, சமையற்கலைஞர் மாசிமோ போட்டுரா, காரித்தாஸ் அமைப்போடு சேர்ந்து ஒரு பழைய நாடக அரங்கை அன்னக்கூடமாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட புகழ்பெற்ற சமையற்காரர்கள் முறைபோட்டு வந்து கண்காட்சியின் உபரியில் சமைத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 2017இல் வந்த சமையல் நூலின் தலைப்பே ரொட்டியைப் பொன் என்கிறது. எது மிஞ்சி வந்தது என்பதற்குத் தலைப்பே சாட்சி. அழகான முயற்சி, அதிலிருந்து தன்னார்வக் கூடங்கள் கற்க வேண்டியது குறைவு என்பது என் கருத்து. கைதேர்ந்த சமையற்காரருக்கு நாற்பது கிலோ முள்ளங்கி ஒரு சவால். அலுவலகம் முடித்து வந்து காய் நறுக்கும் தன்னார்வலருக்கு அது தலைவலி. அவருக்கு உதவுவது ஐந்தாறு சட்டகச் சமையல்கள்: எந்தக் காய் வந்தாலும் உள்ளே போகும் சாம்பார் சாதம், குருமா, கிச்சடி போன்றவை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, புளியைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது. வருகிற காயைப் பார்த்துப் பெயரை முடிவு செய்வது. உபரியையே முழுதும் நம்பும் திட்டம் மூன்றாம் மாதம் தள்ளாடும். அடிப்படைப் பொருளை வாங்கும் திட்டத்துக்கு, வந்ததையெல்லாம் ஏற்க வேண்டிய கட்டாயமும் குறைகிறது. நாளைய சாப்பாட்டுக்குப் பருப்பு அலமாரியில் இருக்கும்போதுதான் சந்தேகமான பாலைத் திருப்பி அனுப்பும் தைரியம் வரும்.

முன்பு சொன்ன வாஷிங்டன் சமையலறை இந்தத் தற்சார்பைப் பணத்திலும் தேடிக்கொண்டது. வேலையில்லாதவர்களுக்கும் சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கும் சமையல் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே கேட்டரிங்கும் பள்ளி உணவு ஒப்பந்தங்களும் நடத்திச் சம்பாதித்தது. நன்கொடையை மட்டும் நம்பியிருப்பவர், கொடுப்பவரிடம் ‘உங்கள் பொருள் சரியில்லை’ என்று சொல்லத் தயங்குவார். சொந்த வருமானம் உள்ளவர் சொல்லுவார்.

வரவு குறையும் இடரை 2020 மார்ச் வெட்டவெளிச்சமாக்கியது. ஊரடங்கு அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்ததால் மேலைநாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. உணவகங்கள் மூடியதால் அங்கிருந்து மொத்தப் பொதிகளில் உபரி வந்து கொட்டியது. வேலை போனவர்கள் வரிசையில் நின்றார்கள். தன்னார்வலர்களில் பலர் ஓய்வுபெற்ற முதியவர்கள், வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதவர்கள். வரவு, தேவை, ஆள் மூன்றும் ஒரே வாரத்தில் மூன்று திசைகளில் போயின. இடர்ப் பதிவேட்டில் இவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதி, தனித்தனியாக மதிப்பெண் போட்டவர்கள் ஏமாந்தார்கள். நல்ல காலத்திலும் இந்த வரவு நிலையானது இல்லை. கடைகள் விற்பனையைக் கணிப்பதில் தேறிவருகின்றன. மிஞ்சியதைக் குறைந்த விலைக்கு விற்கும் செயலிகள் வந்துவிட்டன. விரயம் குறைவது நல்ல செய்திதான், அதன்மேல் கட்டிய சமையலறைக்கு அது இடர்.

இனி அளவீட்டுக்கு வருவோம். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இத்தனை லட்சம் சாப்பாடு வழங்கினோம் என்று இந்நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. பெரும்பாலும் அவை தட்டுகளை எண்ணி வந்த எண்கள் இல்லை; எடையை வகுத்து வந்தவை. பிரிட்டனின் ஃபேர்ஷேர் 420 கிராமை ஒரு சாப்பாடு என்று கொள்கிறது. அமெரிக்காவின் ஃபீடிங் அமெரிக்கா 1.2 பவுண்டு, அதாவது சுமார் 544 கிராம் என்று கொள்கிறது. ஒரு டன் வெங்காயம் பிரிட்டன் கணக்கில் 2,380 சாப்பாடு, அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 1,840. மளிகையாகவே பிரித்துக் கொடுக்கும் அமைப்புக்கு இப்படியொரு தோராயம் தேவைதான். அதே கணக்கு சமையலறைக்குள் நுழையும்போது விபரீதமாகிறது. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கிலோவும் சாதனை என்றால், திருப்பி அனுப்பிய ஒவ்வொரு கிலோவும் தோல்வி ஆகிவிடும். கெட்டது என்று தெரிந்தும் பெட்டியை உள்ளே வாங்கி, எடை போட்டு, பிறகு பின்பக்கம் கொட்டுவது புத்திசாலித்தனமாகிவிடும். அதைவிட மோசமானது, கொட்ட மனமில்லாமல் குழம்பில் போடுவது.

கொடுப்பவருக்கும் இதே தூண்டுதல் உண்டு. பிரான்சில் 2016இல் வந்த சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் உண்ணத்தக்க உணவைப் பாழாக்குவதைத் தடுத்து, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்யச் சொன்னது. கொடையின் மதிப்பில் 60 விழுக்காடு வரிக்கழிவும் அங்கே கிடைக்கிறது. நல்ல சட்டம், உலகம் முழுவதும் பாராட்டியது. பிற்பாடு தொண்டு அமைப்புகள் வைத்த குறை வேறு: தேதி முடியும் கடைசி நாளில், தரம் பிரிக்காமல் கொடுக்கிறார்கள், பிரிக்கும் உழைப்பும் கொட்டும் செலவும் எங்கள் தலையில் விழுகின்றன. கடையின் குப்பைச் செலவு வரிக்கழிவோடு தொண்டு நிறுவனத்தின் குப்பைச் செலவாக மாறுகிறது. இத்தனைக்கும் அங்கே சட்டப்படி தொண்டு அமைப்பு மறுக்கலாம். நன்றிக்கடன் பட்டவர் மறுப்பதில்லை, அவ்வளவுதான்.

வழக்குப் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுத்த உணவால் யாருக்காவது ஏதேனும் ஆனால் நம்மீது வழக்கு வருமே என்பதே கடைக்காரர்கள் சொல்லும் முதல் தயக்கம். அமெரிக்காவில் 1996 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட பில் எமர்சன் சட்டம், நல்லெண்ணத்தோடு கொடுத்தவரைப் பாதுகாக்கிறது. மிகையான கவனக்குறைவும் வேண்டுமென்று செய்த கேடும் மட்டும் விலக்கு. இத்தாலியில் 2003இலும் 2016இலும் இதே நோக்கத்தில் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் உபரி உணவு மீட்பு, வழங்கலுக்கென 2019இல் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2020 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. வழங்கும் அமைப்பு பதிவு பெற வேண்டும், காலாவதியானதைக் கொடுக்கக்கூடாது, உணவின் விவரத்தைக் குறித்து ஒட்ட வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்பவை அதன் சாரம். இவற்றில் எதுவும் வேண்டாத சுமை என்று எனக்குத் தோன்றவில்லை. பயப்பட வேண்டிய இடம் நீதிமன்றமும் இல்லை. இலவசச் சாப்பாட்டில் வயிறு கெட்டவர் வழக்குப் போடுவதில்லை.

புகார்கூடச் சொல்வதில்லை. ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் கல்லாவில் சண்டை போடுவோம், இணையத்தில் ஒரு நட்சத்திரம் கொடுப்போம். தானமாக வந்த பொட்டலத்தில் புளித்த வாடை அடித்தால் வாங்கியவர் பேசாமல் நாய்க்கு வைப்பார், அல்லது பசிக்குச் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அவதிப்படுவார். நாளைக்கும் வரிசையில் நிற்க வேண்டுமே. ஆகவே வியாபாரச் சமையலறைக்கு வாடிக்கையாளர் தரும் எச்சரிக்கை இங்கே வருவதில்லை. ‘பத்து ஆண்டுகளாக ஒரு புகாரும் இல்லை’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதைப் பாதுகாப்புக்குச் சான்றாக ஏற்க முடியாது. சாப்பிடுபவர்களில் முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, காசநோய்க்கு மருந்து எடுப்பவர் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்பெட்டியிலேயே வளரக்கூடிய லிஸ்டீரியா, திடமான ஆளுக்குக் காய்ச்சலோடு போய்விடலாம். கர்ப்பிணிக்குக் கருவே கலையலாம். நிகழும் வாய்ப்பையும் பாதிப்பையும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் பெருக்கி நிறம் தீட்டும் வழக்கமான இடர் அட்டவணை இதைக் காட்டாது. மதிப்பெண் போடுபவர் ஒருவர், விழுங்குபவர் வேறொருவர்.

புகார் வராத இடத்தில் புகாரைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு சமையலிலும் ஒரு கிண்ணம் எடுத்து, தேதி எழுதி, மூன்று நாள் குளிரில் வைத்திருப்பது பெரிய கூடங்களின் பழக்கம். எங்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால் சோதிக்க மாதிரி இருக்கும். வாரம் ஒருமுறை, வாங்கிச் சாப்பிடும் பத்துப் பேரிடம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கலாம். கேட்பவர் சமையல்காரராக இருக்கக்கூடாது. சமைக்க வருபவர், தமக்கு வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 48 மணி நேரம் அடுப்படிக்கு வரக்கூடாது என்ற விதியை எல்லாக் கூடங்களும் சுவரில் ஒட்டியிருக்கும். பதிலுக்கு ஆள் இல்லாவிட்டால் விதி சுவரிலேயே இருக்கும். இரண்டு மாற்று ஆள்களின் எண்ணை அதே சுவரில் எழுதிப்போட வேண்டும். ‘வரமுடியாது’ என்று சொன்ன தன்னார்வலருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சமூகவியலாளர் ஜேனட் பாப்பன்டீக் 1998இல் எழுதிய நூலில் வைத்த பெரிய குற்றச்சாட்டும் இங்கே நினைவுக்கு வருகிறது: தொண்டுச் சமையலறைகள் பெருகப் பெருக, பசியைப் போக்கும் பொறுப்பிலிருந்து அரசு நழுவ வழி கிடைக்கிறது. அந்த விவாதத்தை இங்கே முடிக்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு தெரிகிறது: அரசுத் திட்டத்தில் நேர்ந்த கண்டாமனுக்குப் பிறகு நாடு முழுவதும் கேள்வி எழுந்தது, நீதிமன்றம் விசாரித்தது, தண்டனை கிடைத்தது. தொண்டு நிறுவனத்தின் சாப்பாட்டில் சிறுகச் சிறுக நேரும் கேட்டுக்கு அப்படிக் கணக்குக் கேட்க யாருமில்லை. ஆதலால் கணக்கு உள்ளேயே இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைச் செயலாக்க மூன்று பக்கக் கொள்கை அறிக்கை தேவையில்லை. பொருள் இறங்கும் வாசலில் நிற்பவருக்கும் அன்றைய தலைமைச் சமையல்காரருக்கும், யாரையும் கேட்காமல் மறுக்கவும் கொட்டவும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் மறுத்ததை நிர்வாகி மாற்ற முடியாது. ஏற்றதை வேண்டுமானால் நிர்வாகி மறுக்கலாம். மறுத்த எடையையும் காரணத்தையும் தனிப் பதிவேட்டில் எழுதி, ஏற்ற எடைக்குப் பக்கத்திலேயே ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். எந்தக் கடையிலிருந்து அதிகம் மறுக்க நேர்ந்தது என்று மாதம் ஒருமுறை அந்தக் கடைக்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான கடை மேலாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முந்தைய நாளே எடுத்து வைக்கச் சொல்லி ஆளுக்கு உத்தரவிடுவார்கள்.

இத்தகைய சமையலறைக்குப் பணமோ பொருளோ கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், எத்தனை பேருக்குச் சோறு போட்டீர்கள் என்று கேட்பதோடு சென்ற மாதம் எத்தனை கிலோவைத் திருப்பி அனுப்பினீர்கள் என்றும் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், கொடுக்கும் முன் அவர்களுடைய வெப்பநிலைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள்.